கதைப்பாடலும் கும்பினியார் கால நினைவும்

தோற்றுவாய்

போரைப் பாட்டில் வைத்துக் காக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகளும், புறநானூற்றுச் செய்யுட்களும், சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியும் அவ்வழக்கத்தின் படிநிலைகளாம். பறம்பை முற்றிய மூவேந்தரைக் காட்டிலும் பறம்பை இழந்த பாரியே நம் உள்ளத்தில் நிலைத்து நிற்பது பாட்டின் செயலன்றி வேறன்று. வென்றவனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. தோற்றவனுக்குப் பெரும்பாலும் பாட்டே துணை.

இவ்வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தழைத்தது. ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலக் கும்பினியாரும் தென்பாண்டி நாட்டுப் பாளையங்களோடு பொருத ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம், சிந்து, கும்மி, அம்மானை, கூத்து என்னும் வடிவங்களில் மக்கள் நாவில் இடம் பெற்றது. பூலித்தேவன் சிந்து, கான்சாகிபு சண்டை, கட்டபொம்மு கதைப்பாடல், சிவகங்கைச் சரித்திரக் கும்மி, சிவகங்கைச் சரித்திர அம்மானை ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கன. சிவகங்கை நூல்கள் இரண்டும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக 1954-இல் அச்சேறின. கட்டபொம்மு, கான்சாகிபு பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது.

இப்பாடல்களை வரலாற்றறிஞர் இரு வகையாக நோக்கினர். ஒருசாரார், இவை கேள்விச் செய்தியும் கற்பனையும் கலந்தவை ஆதலின் சான்றாகா எனத் தள்ளினர். மற்றொரு சாரார், மக்கள் கூற்று ஆதலின் இவையே மெய் வரலாறு எனக் கொண்டனர். இரு கொள்கையும் ஒரே வினாவையே முன்வைக்கின்றன: 'பாடல் கூறுவது நடந்ததா, நடவாததா?' அவ்வினா தேவையானதே, ஆயினும் போதாது. நடந்ததைப் பாடல் எவ்வாறு நினைவாக்குகின்றது, எதனைக் காக்கின்றது, எதனை விடுகின்றது என்பனவும் வரலாற்று வினாக்களே. அவற்றையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

காரணம் மனிதனாக மாறுதல்

முதற்கண் போரின் காரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆவணங்கள் காட்டும் காரணம் வரியும் உடன்படிக்கையுமாம். மதுரை நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்தபின் பாளையக்காரரிடம் திறை பெறும் உரிமையை ஆர்க்காட்டு நவாபு கோரினார். கும்பினியாரிடம் பெருங்கடன் பட்ட அவர், 1781-இல் கருநாடக வருவாயை அவர்கள் பொறுப்பில் விட நேர்ந்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கை பாளையக்காரரிடம் திறை பெறும் அதிகாரத்தைக் கும்பினியாருக்கே அளித்தது. இவ்வாறு கடன் திறையாகவும், திறை ஆட்சியாகவும் படிப்படியே வளர்ந்தது. பாஞ்சாலங்குறிச்சிப் போரின் வேர் இங்கேதான் உள்ளது.

இவ்வுடன்படிக்கைகள் பாடலுக்குரிய பொருள்கள் அல்ல. கும்மியடிக்கும் பெண்டிரும், இரவெல்லாம் கூத்துக் காணும் உழவரும் கடன் பத்திரத்தின் விதிகளைக் கேட்டு மகிழார். ஆதலின் பாடல் அக்காரணத்தை ஒரு மனிதனாக மாற்றிக் காட்டுகின்றது. அம்மனிதன் 'சாக்சன் துரை'. ஒரு பேரரசின் வரிக்கொள்கை, பாடலில் ஒரு துரையின் செருக்காக உருக்கொள்கின்றது; ஒரு பாளையத்தின் எதிர்ப்பு, ஒரு வீரனின் மானமாக உருக்கொள்கின்றது.

இம்மாற்றத்தைப் பிழை என ஒதுக்குதல் எளிது. எனினும் ஆவணங்களை நோக்கின் வேறொன்று புலனாகும். கலெக்டர் சாக்சன் 1798-இல் கட்டபொம்மனைத் தம்மை வந்து காணுமாறு பணித்து, பேட்டி கொடாமல் ஊர் ஊராகத் தம்மைப் பின்தொடரச் செய்தார் என்பதும், செப்டம்பர்த் திங்களில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த சந்திப்பு கைகலப்பாக முடிந்து லெப்டினன்ட் கிளார்க் என்பார் உயிரிழந்தார் என்பதும், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார் என்பதும் கும்பினியாரின் பதிவுகளிலேயே உள்ளன. பின்னர் நடந்த விசாரணையை அடுத்துச் சாக்சன் பதவியினின்றும் நீக்கப்பட்டார். லூசிங்டன் அவ்விடத்துக்கு வந்தார். துரையின் நடத்தை முறையற்றது எனப் பாடல் கூறுவதைக் கும்பினி அரசும் ஒருவகையில் ஒப்புக்கொண்டது என்றே கொள்ளலாம்.

ஆகவே பாடல் பொய் கூறவில்லை. காரணங்கள் பலவற்றுள் கண்ணுக்குப் புலனாகும் ஒன்றைத் தெரிந்து எடுத்தது. அத்தெரிவுக்கு ஒரு விலையும் உண்டு. சாக்சன் நீங்கியபின் வந்த லூசிங்டன் காலத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. துரை மாறினும் திறை மாறவில்லை. செருக்குற்ற ஒரு துரையையே காரணமாகக் கொள்ளும் நினைவு இவ்வுண்மையை உணர்த்த இயலாது.

பழைய அச்சும் புதிய பகையும்

பாடல் தன் செய்தியை வெறுங்கையோடு பெறுவதில்லை. முன்னமே தன்னிடம் உள்ள அச்சுகளில் வார்த்துக்கொள்கின்றது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த இடம் முயல் நாயைத் துரத்திய வீரநிலம் என்னும் கதையை எண்ணுக. இக்கதை வேறு பல தலைநகரங்களுக்கும் கூறப்படுவதே. வெள்ளையம்மாள் தீக்கனாக் கண்டு, போர்க்கோலம் பூண்ட தன் கணவன் வெள்ளையத்தேவனைத் தடுக்கும் பகுதியும் அத்தகையதே. கண்ணகி தேவந்திக்கு உரைத்த கனாவும், கம்பர் பாடிய திரிசடையின் கனாவும் நன்கறிந்த நாட்டில், கேடு வருமுன் கனா வருதல் இலக்கிய நெறி. கேட்போர் அக்கனாவைக் கேட்டவுடனேயே முடிவை அறிந்துகொள்வர், அறிந்தும் அழுவர்.

இவ்வச்சுகளால் நேர்வது யாது? முன்பின் அறியாத ஒரு பகை அறிந்த பகையாகத் தோன்றுகின்றது. கடல் கடந்து வந்த வணிகக் கூட்டம் ஒன்று, நாட்டின் நிலவருவாயைத் தன் கணக்கேட்டில் அடக்க முயன்றமை தமிழக வரலாற்றில் புதியது. பாடலிலோ, வந்த பகைவன் பழைய உழிஞை மறவனைப் போல் மதிலை வளைக்கின்றான். உள்ளிருப்பவன் நொச்சி மறவனைப் போல் மதிலைக் காக்கின்றான். பீரங்கி ஒன்றே புதிது. செஞ்சியில் 1714-இல் மடிந்த தேசிங்குராசனின் கதையைக் கேட்டுப் பழகிய செவிகளுக்குக் கட்டபொம்மனின் முடிவும் அவ்வரிசையில் அடுத்ததாகவே ஒலித்திருத்தல் வேண்டும்.

இதனால் வரலாற்றின் புதுமை மறைகின்றது என்பது உண்மை. ஆயினும் அச்சு இல்லையேல் நினைவே இல்லை என்பதும் உண்மை. எழுத்தறியாத பாடகன் ஒருவன் நெடும்பாடல் ஒன்றை நெஞ்சில் நிறுத்துவதற்கு வணக்கம், நாட்டுவளம், குலவரவு, கனா, போர்க்கோலம், புலம்பல் என்னும் முறைவைப்பே உறுதுணை. உடன்படிக்கையின் ஆண்டை அவன் மறந்தான். வீரனொருவனின் மனைவி கதவருகே நின்று தடுத்ததை மறக்கவில்லை.

பகைவர் ஏட்டில் பாட்டின் பொருள்

பாடல் உணர்ச்சியைத் தரும், ஆவணம் செய்தியைத் தரும் என்று பிரித்துக் கூறுதல் வழக்கம். பாளையக்காரர் போர்களைப் பொறுத்தவரை இப்பிரிவு முற்றும் பொருந்தாது என்பதற்கு இரு சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது, மேசர் பானர்மன் 1799 அக்டோபரில் எழுதிய அறிக்கை. செப்டம்பர் 5-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியவர் அவர். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடித்து ஒப்படைக்கப்பட்ட கட்டபொம்மனை அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில், பிற பாளையக்காரர் கூடியிருந்த அவையில் விசாரித்துத் தூக்கிலிடச் செய்தவரும் அவரே. பாளையக்காரர் அஞ்சி அடங்குதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆயினும் அவ்வறிக்கை கட்டபொம்மன் அவை நடுவே அச்சமின்றி நின்றதையும், எட்டயபுரம், சிவகிரித் தலைவர்களை இகழ்ச்சியோடு நோக்கியதையும், தூக்குமரம் நோக்கித் தளராது நடந்ததையும் கூறுகின்றது. வாய் பேசாத தம்பியைப் பற்றிய கவலை ஒன்றையே வெளியிட்டான் என்றும், கோட்டையை விட்டு நீங்காமல் அதனைக் காத்தே மடிந்திருக்கலாம் என்று வருந்தினான் என்றும் அது குறிக்கின்றது. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இவ்வறிக்கை இடம் பெற்றுள்ளது. ஒரு கதைப்பாடலின் இறுதிப் பகுதிக்கு வேண்டிய பொருள் முழுவதும் பகைவர் தலைவனின் அலுவல் கடிதத்திலேயே அமைந்து கிடப்பதைக் காண்கின்றோம்.

இரண்டாவது, 1830-இல் இலண்டனில் வெளிவந்த சேம்சு வெல்சின் போர் நினைவு நூல். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார். மார்ச்சு 31-இல் அதனைத் தாக்கிய ஆங்கிலப்படை பேரிழப்போடு பின்வாங்கிற்று. கர்னல் அக்னியூவின் தலைமையில் பெரும்படை வந்து மே 24-இல்தான் அதனைக் கைக்கொண்டது. அப்படையில் இருந்தவர் வெல்சு. ஊமைத்துரை சிறு துரும்புகளை இடக்கையில் ஆங்கிலப் படையாக அடுக்கி, வலக்கையால் ஓரொலியோடு துடைத்தெறிந்து தாக்குதலுக்குக் குறிப்புக் காட்டுவார் என்று அவர் எழுதுகின்றார்.

கோட்டை வீழ்ந்தபின் நிகழ்ந்ததாக அவர் கூறும் மற்றொன்று இன்னும் நினைக்கத்தக்கது. பிணக்குவியலில் தன் மகனைத் தேடிவந்த தாய் ஒருத்தி, குற்றுயிராய்க் கிடந்த அவனைக் கண்டாள். அம்மகனோ, தன்னை விட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காக்குமாறு வேண்டினான். ஊமைத்துரையைத் தூக்கிச்சென்ற பெண்கள், தேடிவந்த எட்டயபுரத்தாரிடம், வைசூரியால் இறந்தவர் உடல் எனக் கூறி அழுது அவர்களை விலகியோடச் செய்தனர். இச்செய்தி வெல்சு கண்ணாற் கண்டதன்று. நாட்டவர் வாயிலாகக் கேட்டதாதல் வேண்டும். அங்ஙனமாயின், போர் நடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஊர்க்கதை ஆங்கிலேயர் செவிக்கும் எட்டி, அவர்தம் ஏட்டிலும் புகுந்துவிட்டது எனலாம். போற்றற்குரிய பகைவனைப் போற்றும் நெறி கூத்தரங்கில் மட்டுமன்றிப் பாசறையிலும் இருந்தது. இருதரத்தார்க்கும் பொதுவான கடந்த காலத்தை இருவரும் ஓரளவு ஒரே முறையிலேயே நினைவிற் கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

அறிக்கையும் அம்மானையும்

பாடலின் எல்லையை அறிவதற்கு அதே காலத்து உரைநடை ஆவணம் ஒன்றோடு ஒப்பிடுதல் நலம். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த சில வாரங்களில், 1801 சூன் 16-ஆம் நாள், மருது பாண்டியர் பெயரால் ஓர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. சம்புத்தீவின் மக்கள் அனைவரையும் விளித்து எழுதப்பட்டது அது. நால்வகை வருணத்தாரையும் முகமதியரையும் ஒருங்கே அழைக்கின்றது. நவாபு ஐரோப்பியருக்கு இடங்கொடுத்தமையே கேட்டிற்கு மூலம் என்கின்றது. தனிப்பட்ட துரை எவரையும் அன்றி, ஐரோப்பியர் ஆட்சியையே பகையாகக் காண்கின்றது.

காரணம் பற்றிய இத்தெளிவைக் கதைப்பாடலில் எதிர்பார்த்தல் இயலாது. எனினும் அவ்விரண்டின் பிற்கால வாழ்வை நோக்குக. காளையார்கோவில் அக்டோபர்த் திங்களின் தொடக்கத்தில் வீழ்ந்தது. மருது சகோதரர் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சுவரில் ஒட்டிய அறிக்கை கும்பினியாரின் கோப்புகளுக்குள் சென்று, இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் எடுத்துரைக்கும்வரை பொதுமக்கள் அறியாததாய்க் கிடந்தது. மருதிருவரின் பெயரோ அம்மானையிலும் கும்மியிலும் வாய்மொழிக் கதைகளிலும் வாழ்ந்துவந்தது. காளையார்கோவில் கோபுரம் இடிபடாமல் இருத்தற்பொருட்டு அவர்கள் தம்மை ஒப்புவித்தனர் என்னும் கதையைச் சிவகங்கைச் சீமையில் அறியாதார் இலர். அறிக்கை எழுதியவர்களை மக்கள் மறக்கவில்லை. அறிக்கை கூறிய காரணத்தை மறந்தனர்.

பாடல் பின்தொடராத இடமும் ஒன்றுண்டு. போரில் பிடிபட்டவருள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். போருக்கு முன் சின்ன மருதுவிடம் ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாகக் கூறும் வெல்சு, 1818-இல் பினாங்கில் அவ்விளைஞரை உருக்குலைந்த நிலையில் மீண்டும் கண்டு வருந்தி எழுதியுள்ளார். கதைப்பாடலின் முடிவு தூக்குமரம். தூக்குமரத்துக்குப் பின்னும் நீண்ட துன்பம், நாமறிந்த அளவில், பகைவர் ஒருவரின் நூலிலேயே இடம் பெற்றுள்ளது.

பாடல் காட்டும் பகைவர்

பாடல்கள் எவரைப் பகைவராகக் காட்டுகின்றன என்பதும் ஆராயத்தக்கது. வெள்ளையரே பகைவர் என்று விடை கூறத் தோன்றும். ஆனால் கட்டபொம்மன் பற்றிய மரபில் மிக்க கசப்போடு நினைக்கப்படுவோர் எட்டயபுரத்தாரும் தொண்டைமானுமேயாவர். அயலான் செய்யும் தீமையினும் அண்டைவீட்டான் செய்யும் தீமை மனத்தில் ஆழப் பதியும் என்பதனை இஃது உணர்த்தும்.

கான்சாகிபு சண்டை இதற்கு மறுதலையான ஒரு நிலையைக் காட்டுகின்றது. கும்பினிப் படைத்தலைவனாய் நின்று 1761-இல் நெற்கட்டுஞ்செவ்வலைக் கைப்பற்றிப் பூலித்தேவனை வீழ்த்தியவர் கான்சாகிபு. பின்னர் அவரே நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்று போரிட்டு, உடனிருந்தோரால் பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். பூலித்தேவனுக்குச் சிந்து பாடிய நாடே அவனை வென்றவருக்கும் சண்டைப் பாடல் பாடிற்று. பூலித்தேவன் சங்கரன்கோவில் சந்நிதியில் மறைந்தான் என மக்கள் கூறுவர். கான்சாகிபுவின் அடக்கத்தலம் மதுரைச் சம்மட்டிபுரத்தில் வழிபடப்படுகின்றது. தெலுங்கு பேசிய நாயக்கர், மறவர், இசுலாமியர் ஆகிய மூவரையும் ஒரே தமிழ்ப் பாட்டு மரபு ஏற்றுக்கொண்டது. நாட்டுப்பற்றாளன், துரோகி என்னும் பிற்காலப் பகுப்பு அம்மரபிற்கு இல்லை. வீரமும், மானமும், நம்பிக்கைக் கேட்டால் நேர்ந்த முடிவும் உடையவன் எவனோ, அவன் பாடற்குரியவன்.

இருபதாம் நூற்றாண்டின் மறுவாசிப்பு

விடுதலை இயக்கம் வளர்ந்த காலத்தில் இந்நினைவு புதிய பொருள் பெற்றது. செகவீரபாண்டியனாரும் ம. பொ. சிவஞானமும் எழுதிய நூல்கள் கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாக நிறுவின. 1959-இல் வெளிவந்த திரைப்படம் அவ்வுருவை நாடெங்கும் கொண்டு சென்றது. அதன்பின், இராமநாதபுரச் சந்திப்பை நினைப்பவர் எவரும் கும்மிப்பாடலையோ விசாரணைக் குறிப்பையோ நினைப்பதில்லை. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலையே நினைக்கின்றனர். இதனையும் நாம் பாடல் மரபின் தொடர்ச்சியாகவே கருதுகின்றோம். காரணத்தை மனிதனாக்கும் பழைய முறையே இங்கும் செயற்பட்டது. ஒரு வேறுபாடு உண்டு: கூத்தில் பாடகனுக்கு ஏற்பப் பாடம் மாறும், திரையில் பாடம் மாறுவதில்லை. பல பாடங்கள் வழங்கிய இடத்தில் ஒரே பாடம் நிலைபெற்றது.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் வீரர் பெயர்களைத் தாங்கின. 1997-இல், கட்டபொம்மனின் படைத்தலைவருள் ஒருவராகப் போற்றப்படும் சுந்தரலிங்கத்தின் பெயர் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு இடப்பட்டபோது, தென்மாவட்டங்களில் சாதிக்கலவரம் மூண்டு உயிர்கள் அழிந்தன. அதன்பின் தலைவர் பெயர்கள் அனைத்தும் மாவட்டங்களினின்றும் கழகங்களினின்றும் நீக்கப்பட்டன. சுந்தரலிங்கத்தின் நினைவைக் காத்தவர் ஒடுக்கப்பட்ட மக்கள். அப்பெயரைப் பேருந்தில் காண ஒருப்படாதாரும் அதே போரின் நினைவில் வளர்ந்தவரே. பல குலத்தார் உடன்நின்று பொருத ஒரு போரின் நினைவு, அவர்தம் வழிவந்தோரைப் பிரித்துவைக்கும் கருவியாயிற்று.

இக்குற்றத்தைப் பாட்டின்மேல் ஏற்றுதல் முறையன்று. கான்சாகிபுவையும் பூலித்தேவனையும் ஒருங்கே பாடிய மரபு எவரையும் ஒரு குலத்தின் உடைமையாகக் கருதவில்லை. எனினும், தனிமனிதரின் வீரத்தையே முன்னிறுத்திப் பொதுக்காரணத்தைப் பின்னிறுத்தும் பாட்டின் இயல்பு, வீரனை உரிமை கொண்டாடுவதற்கு எளிதில் இடந்தருகின்றது என்பதை மறுத்தற்கில்லை. வரியும் கடனும் எல்லாக் குலத்தாரையும் ஒருங்கே வருத்தின. அவற்றைக் கூறும் ஆவணத்தில் எவரும் தனியுரிமை கொண்டாடுதல் இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். கதைப்பாடல், போரின் காரணத்தை மனித உருவாக்கிக் காக்கின்றது. அதனால் நினைவு நிலைக்கின்றது, காரணம் தேய்கின்றது. பழைய இலக்கிய அச்சுகளால் புதிய பகையைப் பழகிய பகையாக்குகின்றது. பகைவர் ஏடுகளோடு பல இடங்களில் ஒத்தும், சில இடங்களில் அவற்றினும் முன்னதாக முடிந்தும் நிற்கின்றது. பாடலையும் ஆவணத்தையும் ஒன்றையொன்று பொய்ப்பிக்கும் சாட்சிகளாக அன்றி, ஒன்று விட்டதை மற்றொன்று கூறும் சாட்சிகளாகக் கொள்ளுதலே ஏற்ற முறையாம்.

இத்துறையில் செய்ய வேண்டிய பணி மிக உண்டு. அச்சான பாடங்களைச் சுவடிகளோடும் வாய்மொழிப் பாடங்களோடும் ஒப்பிட்டு, எப்பகுதி எக்காலத்தில் சேர்ந்தது என வரையறுத்தல் வேண்டும். எட்டயபுரம், சிவகிரி, புதுக்கோட்டை முதலிய இடங்களில் இப்போர்கள் எவ்வாறு நினைக்கப்பட்டன எனவும் தேடுதல் வேண்டும். இதுவரை நாம் பெரிதும் ஒரு தரப்பின் பாட்டையே கேட்டுள்ளோம். எழும்பூர் ஆவணக்காப்பகத்துப் பதிவுகளைப் பாடற்பகுதிகளோடு ஒருசேர வைத்துக் கற்கும் மாணவர், 1801-ஆம் ஆண்டு அறிக்கை விளித்த அப்பெருங்கூட்டத்தை அதன் முழு விரிவில் நமக்கு மீட்டுத் தருதல் கூடும். தென்பாண்டிச் சிற்றூர்களில் அப்பாடல்களை நெஞ்சிற் கொண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின் அப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.